ரப்பர் காம்பில் மூன்று துளைகள்

அந்த ரப்பர் காம்பில் ஊசியைக் காய்ச்சித் துளை போட்டது நான்தான். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. ஆனால் போட்ட பிறகு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. திருப்புலிவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் நர்ஸாக வேலை பார்த்தேன். பயிற்சி முடித்து வந்த முதல் இடம். வயது இருபத்து மூன்று. செய்யாற்றுக்கு அந்தக் கரையில் பிறந்தவள் என்பதால் ஊர்ப் பேச்சு எனக்குப் புதிதில்லை. ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, முன் அறையில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, உத்திரத்தில் தொங்கும் தராசு, ஸ்பிரிட் விளக்கு, ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரம் ஆகியவற்றைப் போட்டிருந்தார்கள். பின் அறையில் நான் குடியிருந்தேன். பிரசவம் பார்ப்பேன், தடுப்பூசி போடுவேன், மாதத்துக்கு ஒரு நாள் உத்திரமேரூருக்குப் போய் ரிப்போர்ட் கொடுப்பேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அந்த வயதில் இருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. காலனியிலிருந்து வந்து ஊர்க்காரர்களின் வயல்களில் நடவும் களையெடுப்பும் செய்கிறவள். அவள் கணவன் ஏர் ஓட்டப் போவான். முதல் பிரசவம். ஏழு மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன; நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தவள் வழுக்கி விழுந்தாள். அன்று மத்தியானமே வலி எடுத்துவிட்டது. மாட்டு வண்டியில் உத்திரமேரூர் வரை நானும் கூடப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் கழித்து அவள் கணவன் வந்து சொன்னான்.

"எலிக் குஞ்சு மாரி கீறான் நர்ஸம்மா," என்றான். அவன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றி, அதன்மேல் முந்தானையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் பால் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன் வாயில் பழுப்பு நிற ரப்பர் காம்பு. நீளமான காம்பு. நுனியில் ஊசி முனையளவு ஒரே ஒரு துளை. புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும்.

"ரெண்டு மணிக்கு ஒருக்கா குட்க்கணும்னு சொல்லிக்கிறாங்க," என்றாள். "மொதல்ல மூக்குல டியூப்பு வெச்சாங்க. அப்பறம் இதுல தான் குட்த்தாங்க."

"உன் பால்?"

"கடைசி பத்து நாளா மார்ல வெச்சி பாக்கச் சொன்னாங்க. ரெண்டு தபா இஸ்க்கிறான், அப்டியே தூங்கிடறான்."

அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இரண்டு முறை இழுத்தான். அதற்குமேல் முடியாமல் தூங்கினான். ஆனாலும் அந்த இரண்டு முறை இழுத்தான்.

அடுத்த மூன்று வாரமும் அவள் வாரத்துக்கு ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தராசுத் துணியில் அவனைக் கிடத்தினால் துணி தொங்கவே தொங்காது. முள் நகர்ந்ததா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துத்தான் எழுதவேண்டும். பால் கறந்து புட்டியில் ஊற்றிக் கொடுப்பாள். போதாததற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பா மாவைக் கரைப்பாள். ஒரு வேளைப் பாலைக் குடித்து முடிக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாலு வாய் சப்புவான், நிறுத்துவான், மூச்சு வாங்குவான், மறுபடி நாலு வாய். நெற்றியில் வியர்த்துவிடும். பாதியில் காம்பு வாயில் இருக்கவே தூங்கிப்போவான்.

நான்காவது வாரம் என் மேற்பார்வை அம்மாள் வரவிருந்தார். எடை ஏறாத குழந்தை ஒன்று என் ரிஜிஸ்டரில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதென்றால், குழந்தைமேல் இருந்த கவலையோடு இதுவும் கலந்திருந்தது.

அன்று அவள் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரமாக ஒரே புட்டி.

"இப்டி தான் நர்ஸம்மா எல்லா வேளையும். இத்த குட்ச்சி முடிக்கறதுக்குள்ள அடுத்த வேள வந்துடுது. வூட்ல இன்னா வேல செய்றது, நடவுக்கு எப்ப போறது? ஒரே பேஜாரா கீது."

"குடு இங்க," என்றேன்.

காம்பைக் கழற்றினேன். தைக்கும் ஊசி ஒன்றை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சினேன். இருந்த துளையை அகலப்படுத்தினேன். பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டேன். ரப்பர் பொசுங்கி ஒரு கருகல் நாற்றம் அறையில் நின்றது. கழுவி, கொதிக்க வைத்து, புட்டியில் மாட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன். பால் நூல் பிடித்ததுபோல் ஓடியது.

பத்து நிமிடத்தில் புட்டி காலி.

அவன் குடித்த விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கண்கள் இரண்டும் பெரிதாகத் திறந்திருந்தன. கைவிரல்கள் பத்தும் விரிந்து நின்றன. மடக்மடக்கென்று விழுங்கினான், கடைவாயில் பால் வழிந்தது, ஒவ்வொரு மிடறுக்கும் இடையில் நாக்கிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. இத்தனை நாள் தூங்கித் தூங்கி வழிந்தவன் இன்று கண்ணை விழித்துக் குடிக்கிறானே என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவன் பயந்து போயிருந்தான். நான் அதைப் பசி என்று நினைத்தேன்.

எடை ஏறியது. அடுத்த வாரம் ஏறியது, அதற்கடுத்த வாரமும் ஏறியது. மேற்பார்வை அம்மாள் ரிஜிஸ்டரைப் பார்த்து "பரவாயில்லையே" என்றார். அவள் ஒரு நாள் அவித்த வேர்க்கடலையை முறத்தில் கொண்டுவந்து என் மேஜைமேல் கொட்டினாள். கூட வந்த காலனிப் பெண்களிடம், "நர்ஸம்மா கை வெச்சாங்க, ஓடுது பாரு பாலு," என்று புட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். நடவுக்கும் போக ஆரம்பித்தாள். வரப்போரத்து வேப்பமரத்தில் தூளி கட்டி அவனைப் போட்டிருப்பாள். நடுவில் கரையேறி வந்து புட்டியை வாயில் வைத்தால் சட்டென்று முடிந்துவிடும். திரும்பவும் சேற்றில் இறங்குவாள்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு காலை நேரம், ஜாக்கெட்டின் முன்பக்கம் இரண்டும் நனைந்தபடி வந்து நின்றாள்.

"மார்ல வெச்சா கத்தறான் நர்ஸம்மா. மொகத்த திருப்பிக்கிறான். எனக்கு கட்டிக்கினு நோவுது, தொடவே முடியல."

"என் எதிர்ல வெச்சுக் காட்டு."

வைத்தாள். பால் தானாகவே கசிந்து அவன் உதட்டில் பட்டது. அவன் வாயை அகலத் திறக்கவே இல்லை. சின்னதாகக் குவித்தான், ரப்பர் காம்பு வரும்போது குவிப்பதுபோல. அவள் உள்ளே வைக்கப் பார்த்ததும் முதுகை வில்லாக வளைத்து வீறிட்டான். நாலைந்து தடவை முயன்றோம். கடைசியில் அவள் புட்டியை எடுத்ததுமே அழுகை நின்றது. புட்டியைப் பார்த்தே நின்றது. அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன வேணாங்கறான்," என்றாள்.

அவனைக் கையில் வாங்கினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுண்டு விரலை அவன் வாய்க்குள் விட்டேன். சப்பினான். ஆனால் நாக்கு விரலுக்கு அடியில் வந்து ஏந்தி இழுக்கவில்லை. மேலே எழும்பி விரலின் நுனியில் வந்து முட்டியது, வெளியே தள்ளியது. மறுபடி மறுபடி அதே. எனக்குச் சில நொடிகளில் புரிந்துபோனது. அவன் மூன்று வாரமாகப் பாலை இழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பாலைத் தடுக்கக் கற்றுக்கொண்டிருந்தான். வாய் நிறைய ஓடிவந்த பாலுக்கு நடுவே மூச்சுவிட வேண்டுமென்றால் நாக்கால் அந்தத் துளைகளை அடைத்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சின்ன நாக்கு அதற்குப் பழகிவிட்டது. இப்போது தாயின் மார்பையும் அதே நாக்கால் தள்ளுகிறது.

அன்றே பஸ் பிடித்து உத்திரமேரூர் போய் மருந்துக் கடையில் ஒரு புதுக் காம்பு வாங்கிவந்தேன். துளை சிறியது. காம்பும் கொஞ்சம் குட்டை, அடிப்பக்கம் அகலம். அதை அவளிடம் கொடுத்து, இனிமேல் இதில்தான் கொடுக்க வேண்டும், மெதுவாக வரட்டும், ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் வைத்துப் பார் என்றேன். பழைய காம்பைத் திருப்பிக் கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றாள்.

நாலு நாள் கழித்து நானே காலனிக்குப் போனேன். புட்டியில் புதுக் காம்புதான் இருந்தது. கையில் வாங்கிக் கவிழ்த்தேன். பால் நூலாக ஓடியது.

"சின்ன ஓட்டையில வரலன்னு ஒரே கத்தல். அதான் நீ பண்ண மாரியே நானும் ஊசிய காய்ச்சி குத்திட்டேன்," என்றாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பக்கத்து வூட்டு புள்ளைக்கும் நான் தான் குத்தி குட்த்தேன். அது கூட நல்லா குட்ச்சிக்கினு கீது."

பக்கத்து வீட்டுக் குழந்தை நிறை மாதத்தில் பிறந்தது. நல்ல ஆரோக்கியமான குழந்தை. அதன் தாய்க்குப் பாலும் நிறைய இருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதன் புட்டியைப் பார்த்தேன். அதிலும் மூன்று துளைகள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை? "நான் செய்தது தப்பு, குத்தாதீர்கள்" என்று ஒரு வார்த்தை. சொல்ல வாய் வரவில்லை. "பெரிய ஓட்டை வேண்டாம், புரையேறும்" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். நான் போட்ட துளையைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை.

பால் சுரக்க அவளைப் பூண்டு சாப்பிடச் சொன்னேன், கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன், வேளா வேளைக்குக் கறக்கச் சொன்னேன். விடியலில் சேற்றில் இறங்கி வெயில் சாயக் கரையேறுகிறவள் எப்போது கறப்பாள்? குழந்தை சப்பாத மார்பு எத்தனை நாள் சுரக்கும்? ஒரு மாதத்துக்குள் வற்றிவிட்டது. டப்பா மாவும் தீர்ந்தது. வேலை செய்கிற வீட்டில் கொடுத்த மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீர் வயல் கிணற்றுத் தண்ணீர். புட்டி தூளியிலேயே கிடக்கும். ஈ மொய்க்கும். காம்பு வெயிலில் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் ஒன்றுக்காக என்னை வேறு ஊருக்குப் பத்து நாள் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடைக்காரர் சொன்னார். அவள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாள். என் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து உத்திரமேரூருக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெருநகர் ஊரிலிருந்து வரும் பஸ் மழையில் வரவில்லை. நடந்தே போயிருக்கிறார்கள்.

நான் போனபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவள் குடிசைக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என்னைப் பார்த்ததும் எழுந்து, பரணிலிருந்து புட்டியை எடுத்தாள். நன்றாகக் கழுவிக் காய வைத்திருந்தாள்.

"இத்த நீயே வெச்சிக்க நர்ஸம்மா. வேற எந்த கொயந்தைக்காச்சும் ஆவும்."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

"எங்க வூட்ல எல்லாம் இன்னா சொன்னாங்க தெரியுமா? இந்த புள்ள ஒரு வாரம் தாங்காதுன்னாங்க. நீ அந்த ஓட்டைய பெருசு பண்ணி குட்த்த, அஞ்சு மாசம் இருந்தான். சிரிச்சான் நர்ஸம்மா. உன்னால தான் நான் அத்த பாத்தேன்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என் கையில் புட்டி இருந்தது. அதையும் சேர்த்துத்தான் பிடித்தாள்.

அதன் பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நோய் என்று சொல்ல முடியாது. வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் சுவரில் பல்லி 'டக் டக்' என்றால் கை அப்படியே நின்றுவிடும். ஒரு தடவை தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது அப்படி நின்று, குழந்தையைப் பிடித்திருந்த தாய் "இன்னா நர்ஸம்மா?" என்று என்னை உலுக்கினாள். பால் குடிக்கும் குழந்தையைப் பார்த்தால் அதன் கைவிரல்களைத்தான் முதலில் பார்ப்பேன். மடங்கியிருந்தால் மூச்சு வரும். விரிந்திருந்தால் அந்த இடத்தில் நிற்க முடியாது. ஊசி கொதிக்க வைக்க ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கும்போதெல்லாம், ரப்பர் எதுவும் இல்லாத அறையில் ரப்பர் கருகும் நாற்றம் வரும். ஜன்னலைத் திறந்து வைப்பேன். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏதாச்சும் தீயுற நாத்தம் வருதா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவள் மோந்து பார்த்து, "ஒண்ணும் இல்லியே," என்றாள்.

புட்டியை அலமாரியின் அடித்தட்டில் பழைய ரிஜிஸ்டர்களுக்குப் பின்னால் வைத்தேன். எறியவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை.

மாதக் கூட்டத்துக்கு ஒரு பெண் டாக்டர் வருவார். ஒரு முறை எல்லோரும் போன பிறகு அவரிடம் போய், ஒரு குறைமாதக் குழந்தை இப்படி என்று கேட்டேன். யாருடைய குழந்தையோ என்பதுபோல.

"அந்தக் குழந்தை தாய் வேண்டாம்னு சொல்லல," என்றார் அவர். "அதுக்குத் தெரியல, அவ்வளவுதான். புட்டிக் காம்புல வாயைக் குவிச்சா போதும், கடிச்சா போதும். தாய்கிட்ட வாயை அகலமாத் திறக்கணும், நாக்கை நீட்டி அடியில ஏந்தணும், இழுத்து நிறுத்தி மூச்சுவிட்டு மறுபடி இழுக்கணும். குறைமாதத்துல பொறந்தது அதைக் கத்துக்கறதுக்கே நாளாகும். நடுவுல பால் கொட்டற காம்பைக் கொடுத்தா மூச்சுக்குப் போராடத்தான் கத்துக்கும்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் கேட்டார்: "ஆமா, ஓட்டையைப் பெருசாக்கினது யாரு?"

"தெரியலைங்க டாக்டர்," என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி கர்ப்பமானாள். மாதா மாதம் வந்தாள். எட்டாம் மாதம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தபோது, காலையில் அவள் கணவன் ஓடிவந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் பனிக்குடம் உடைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ன அந்த கண்ணாடி பொட்டிகிட்ட அனுப்பாத," என்றாள். அனுப்புவதற்கு நேரமும் இல்லை. ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணனைவிடக் கொஞ்சம் பெரியது. ஆனாலும் கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. குழந்தை அழுதாள், மெல்ல.

துடைத்து, தாயின் வெறும் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துப் புடவையால் சுற்றிக் கட்டினேன். சூடு போகாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "அந்த புட்டி எங்க நர்ஸம்மா? எடுத்தாரல?"

"வேணாம்."

"அப்ப எப்டி குட்ப்ப?"

"சங்குல."

அவள் மாமியார் எங்கிருந்தோ ஒரு வெண்கலச் சங்கை வாங்கிவந்தாள். கொதிக்க வைத்தேன். சீம்பாலை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சச் சொல்லி, சங்கில் எடுத்து, அதன் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்தேன். ஊற்றவில்லை. பால் உதட்டைத் தொட்டு நிற்க, குழந்தை தானாக நாக்கை நீட்டி நக்கி எடுக்கும்வரை காத்திருந்தேன். ஒரு துளி. பிறகு நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். மறுபடி நாக்கு வந்தது. கைவிரல்கள் மடங்கியே இருந்தன.

இப்படி ஒவ்வொரு வேளையும். வேளைக்கு வேளை முதலில் மார்பில் பாலைக் கொஞ்சம் கறந்து எடுத்துவிட்டு, பிறகு குழந்தையை அதில் சார்த்தி வைக்கச் சொன்னேன். குடிக்க வேண்டாம், சும்மா வாயால் தொடட்டும், வாசனை பழகட்டும். முதல் வாரம் நக்கினாள். பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். எடை இறங்கியது. நான் அதை அப்படியே எழுதினேன்.

பத்தாம் நாள் அவள் கணவன் உத்திரமேரூரிலிருந்து ஒரு புதுப் புட்டியோடு வந்துவிட்டான்.

"பத்து நாளா சொட்டு சொட்டா ஊத்திக்கினு கீற. புள்ள எளச்சி போச்சி. மொத புள்ளைக்கு குட்த்தத இதுக்கு ஏன் குட்க்க மாட்ற?" என்றான். "பசியில செத்தா நீ பொறுப்பா?"

"ஆமா. நான்தான் பொறுப்பு," என்றேன்.

அப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அவள் கையை நீட்டினாள். புட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, பிரிக்காமல் மூலையில் வைத்தாள். "நர்ஸம்மா சொல்ற மாரி செய்யலாம்," என்றாள். அவளுடைய அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. அது அந்த மூன்று துளைகளால் வந்த நம்பிக்கை.

அதன் பிறகு காலையும் மாலையும் போனேன். பதினான்காம் நாள் எடை நின்றது. பிறகு மெல்ல ஏறியது. பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவள் வழக்கம்போல் குழந்தையை மார்பில் சார்த்தினாள். அது கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்தது. அவள் சட்டென்று நெருக்கிப் பிடித்தாள். தாடை அசைந்தது. நின்றது. மூச்சுவிட்டது. மறுபடி அசைந்தது. 'டக்' சத்தம் இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும், மென்மையாக.

அவள் அசையாமல் இருந்தாள். என்னையும் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்தபடி கேட்டாள்:

"அவனுக்கும் இப்டியே பண்ணியிருந்தா?"

அந்தக் குடிசைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சொல்ல வேண்டுமென்றால் அப்போதே சொல்லியிருக்கலாம்.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் அதன்பிறகு அதைக் கேட்கவே இல்லை.

எனக்கு மாற்றல் வந்தது அதற்கு ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. பாலாற்றங்கரையில் ஓரிக்கைப் பக்கம் ஓர் ஊர். சாமான்களைக் கட்டும்போது அலமாரியைக் காலி செய்தேன். ரிஜிஸ்டர்களுக்குப் பின்னால் அந்தப் புட்டி. காம்பு காய்ந்து வெடித்திருந்தது. கிணற்றடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது, இதைப் புதைத்துவிட்டு அவளிடம் எதுவும் சொல்லாமல் போனால் என்னால் வேறு எந்தக் குழந்தையையும் தொட முடியாது என்று தோன்றியது. மதியம் பஸ். காலையிலேயே அவளைத் தேடிப் போனேன்.

நடவு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அவள் ஓரத்தில் இருந்தாள். நான் வரப்பில் போய் நின்று கூப்பிட்டேன். நாற்று முடியைக் கையில் வைத்தபடியே நாலு எட்டு தள்ளி வந்தாள்.

"இன்னா நர்ஸம்மா, கெளம்பிட்டியா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மொத புள்ளைக்கு நான் அந்த ஓட்டைய போட்டிருக்கக் கூடாது. அதால தான் அவன் உன் பால மறந்தான். பொறுமையா இருந்திருந்தா கத்துக்கினு இருப்பான். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. உன்கிட்ட சொல்லல. நீ கேட்டப்பக்கூட தெரியலன்னு பொய் சொன்னேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாற்று வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது அழுவாள், அல்லது போனால் போகட்டும் என்பாள். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"புது காம்புல நான் தான குத்துனேன்," என்றாள் மெதுவாக.

"என்னைப் பார்த்துத்தான் குத்தின."

"குத்துனது என் கை."

நாற்று முடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இத்த ஏன் இப்ப சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அவன் அஞ்சு மாசம் இருந்தான், அது உன்னாலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அத்த நெனச்சி தான் தூங்கறேன். நீ சொல்ட்டு பஸ் ஏறிடுவ. நான் இங்க தான கீறேன்."

வரிசையில் இருந்த யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரலில் கோபம் இல்லை. திரும்பி நடந்தாள். தன் இடத்தில் போய் நின்று, நாற்றைப் பிரித்து, குனிந்தாள்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வரிசை பின்னால் நகர்ந்து நகர்ந்து வயலின் மறுகரைக்குப் போனது. அவள் ஒரு முறைகூட நிமிரவில்லை. அதற்குமேல் நிற்பது அவளுக்குத் தொந்தரவு என்று புரிந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.